நல்லம்மாள் ஆற்றில் மூச்சு விட்ட விவரம்

பக்கிரிசாமியின் மனைவி நல்லம்மாள் செத்து, எரிந்து, சாம்பலாகிக் கரைக்கப்பட்ட ஐந்தாம் மாதத்தில், காப்பாருக்கு மேற்கே சுங்கை பெரெம்பாங் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் மறுபடியும் மூச்சு விட ஆரம்பித்தாள். அன்று புதன்கிழமை. மழை இல்லை. காப்பார் பாசாரில் கங்கோங் கீரை விலை ஏறியிருந்தது. இதை முதலில் கண்டுபிடித்தது மனிதர் இல்லை, இயந்திரம். இயந்திரம் பொய் சொல்லாது என்பார்கள். அதைச் செய்தவன் மனிதன்தானே, ஏன் சொல்லாது? ஆனால் இந்த விஷயத்தில் இயந்திரத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் எல்லாம் ஒரே மாதிரி சொன்னதால் நம்புவதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று.

இயந்திரத்தைக் கொண்டுவந்தவள் தாமரை. பிரிக்பீல்ட்ஸ்காரி. ரயில்வே குவாட்டர்ஸை இடித்துவிட்டுக் கட்டிய அடுக்குமாடி ஒன்றில் தாயோடு இருந்தாள். தண்ணீரைப் பரிசோதிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. வாரம் ஒருமுறை கம்பெனி வேனில் வந்து, ஆற்றின் வாய்ப் பக்கம் சில இடங்களில் நின்று, கட்டைவிரல் பருமனான ஒரு குழலை வயரோடு தண்ணீருக்குள் விடுவாள். மீனும் நண்டும் மூச்சு விட எவ்வளவு காற்று தண்ணீரில் கலந்திருக்கிறது என்பது கையில் இருக்கும் பெட்டியில் எண்ணாக வரும். ஐந்துக்கு மேல் வந்தால் நல்ல தண்ணீர். மூன்று என்றால் மீன் தவிக்கும். இரண்டுக்குக் கீழே போனால் ஓட முடிந்தது ஓடும், முடியாதது மிதக்கும். அவள் எழுதிக்கொண்டு போய்க் கொடுப்பாள். கொடுத்ததை யார் படித்தார்கள் என்று அவளுக்கும் தெரியாது.

அளக்கும் இடங்களில் ஒன்று கரைக்கும் படி. காப்பார், மேரு, கிள்ளான் பக்கத்து ஆட்கள் அஸ்தி கரைக்க வருகிற இடம். சதுப்புக் காட்டுக்கு நடுவே சிமெண்டுப் படிகள், மேலே தகரக் கூரை, பக்கத்தில் கட்டிக் கொடுத்த அரசியல்வாதியின் பெயர்ப் பலகை. படிகளில் பாதி உடைந்துவிட்டது. பலகை நன்றாக இருக்கிறது. மற்ற இடங்களில் எண் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றுவிடும். அந்தப் புதன்கிழமை இங்கே நிற்கவில்லை. ஏறியது, நின்றது, இன்னும் கொஞ்சம் ஏறியது, எதிலோ மாட்டிக்கொண்டதுபோல் துடித்தது, பிறகு மெதுவாக இறங்கியது. மறுபடியும் அதே. தாமரை குழலைத் துடைத்தாள். பேட்டரியை மாற்றினாள். வேனிலிருந்து வேறு பெட்டி எடுத்துவந்தாள்.

படியின் மேல்தட்டில் பக்கிரிசாமி உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்ந்தவர். பேச்சு குறைவு, பேசினால் சண்டை. டாக்டரை நம்பமாட்டார், பேங்க் கார்டை நம்பமாட்டார், லிஃப்டை நம்பமாட்டார். மகள் விஷ்ணுப்ரியா செந்தூலில் உயரமான கொண்டோ அடுக்குமாடியில் வீடு வாங்கியபோது, கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்தவர். நல்லம்மாளைக் கரைத்ததிலிருந்து தினமும் மோட்டர் சைக்கிளில் வந்து அந்தப் படியில் உட்காருவார். ஆற்றைப் பார்க்கமாட்டார், ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் வருகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் வீட்டில் ஃபேன் சத்தம் போடுகிறது என்றார். அன்று இந்தப் பெண் படியில் ஏறி இறங்கி ஏறி இறங்கி அவருடைய பொறுமையைச் சோதித்தாள்.

“என்னாம்மா அளக்குற?” என்றார்.

“தண்ணியில கரைஞ்ச உயிர்வளி, அங்கிள்.”

எல்லாம் இந்த ஒரு வார்த்தையில் ஆரம்பித்தது. தாமரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள். அங்கே அறிவியல் பாடத்தில் அதற்கு உயிர்வளி என்றுதான் பெயர். நாள் முழுக்க ஆபீசில் இங்கிலீஷும் மலாயும் பேசி அலுத்தவள், தமிழ் முகத்தைக் கண்டதும் ஆசைப்பட்டுச் சொல்லிவிட்டாள். ஆக்சிஜன் என்றிருந்தால் பக்கிரிசாமிக்குப் புரிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் அந்த சிலிண்டரை அவர் எத்தனையோ தடவை தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். உயிர்வளி என்ற சொல்லை அவர் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. கரைஞ்ச உயிர் என்பது மட்டும்தான் காதில் ஏறியது. அந்தப் படியில் கரைப்பது ஒன்றே ஒன்றுதான்.

“எவ்வளவு இருக்கு?”

“ரெண்டுதான் அங்கிள். ரொம்ப மோசம். இப்படி இருந்தா மூச்சு முட்டும். உள்ள இருக்கறதெல்லாம் எப்படித் தாங்கும்?”

அவள் மீனைச் சொன்னாள். பக்கிரிசாமி எழுந்து வந்து பெட்டியை வாங்கிப் பார்த்தார். எண் ஏறியது, நின்றது, இன்னும் கொஞ்சம் ஏறியது, மாட்டியது, இறங்கியது. அவருக்கு எண்ணெல்லாம் முக்கியமில்லை. அது போகிற போக்கு தெரிந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து தலைமாட்டில் கேட்ட போக்கு. இரண்டு குட்டை மூச்சு, நடுவில் ஒரு மாட்டல், அப்புறம் விசில் மாதிரி நீளமாக ஒன்று.

“இது எம் பொண்டாட்டி” என்றார்.

நல்லம்மாளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ கோரேங் கிளறும் வேலை பார்த்தாள். அடுப்புப் புகையும் மிளகாய் நெடியும் அவளுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார். டாக்டரை நம்பக்கூடாது என்று பக்கிரிசாமி சொன்னார். அவள் இரண்டு பேர் பேச்சையும் கேட்காமல், மூச்சு இழுக்கும் மருந்துப் பம்பைச் சேலையில் முடிந்துகொண்டு வேலைக்குப் போனாள். செத்தது புகைமூட்ட மாதத்தில். கடல் தாண்டி அக்கரைக் காட்டை யாரோ எரித்தார்கள், இக்கரையில் வானம் தெரியவில்லை. காத்து வரல, ஜன்னலத் தொறங்க என்றாள். தொறந்தா பொகைதான் வரும் என்றார் இவர். இரண்டும் உண்மை. திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவள் போன நிமிடத்தில் ஜன்னல் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று அவருக்கு ஞாபகம் இல்லை. அந்த ஞாபகம் வராததால் வீட்டில் அவரால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்திலிருந்து சமையல்கட்டு, சமையல்கட்டிலிருந்து வாசல். அழுதாரா என்றால், யாரும் பார்க்கவில்லை. செருப்பு சீக்கிரம் தேய்ந்தது.

தாமரையின் ஆபீசில் அந்த எண்ணை இயந்திரக் கோளாறு என்று எழுதிக் கோப்பில் போட்டார்கள். அடுத்த வாரம் அவள் புதுப் பெட்டி கொண்டுவந்தாள். பக்கிரிசாமி முன்பே வந்து நின்றார். “இப்ப இருமுவா பாரு” என்றார். எண் எகிறிக் குதித்தது. “ஏன்டி அவசரப்படுற? மெதுவா இழு, யாரு துரத்துறா?” என்று தண்ணீரைப் பார்த்து அதட்டினார். எண் நிதானப்பட்டது. தாமரை படித்த பெண், பேய்ப் படம் பார்த்தால்கூடச் சிரிக்கிறவள். அன்று சிரிக்கவில்லை. அது உயிர்வளி இல்லை என்று சொல்லவும் முடியாது, அதில் உயிர் இல்லை என்று சொல்லவும் முடியாது. ஆக்சிஜன் என்று மட்டும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அதுக்கென்னா, அவளுக்கு அதுதானே வேணும் என்றார் அவர். அதன் பிறகு அவள் விளக்குவதை விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து பக்கிரிசாமிக்கு ஒரே கவலை. மூச்சு முட்டிச் செத்தவளை மூச்சு முட்டுகிற தண்ணீரில் கொண்டுபோய்க் கரைத்துவிட்டோம். இரண்டை ஐந்தாக்க வேண்டும். எப்படி என்று தாமரையை நச்சரித்தார். ஒன்று, தண்ணீரை அடித்துக் கலக்கினால் காற்று சேரும். இல்லையென்றால், காற்றைத் தின்னும் அழுக்கு மேலேயிருந்து வராமல் நிறுத்த வேண்டும் என்றாள். நிறுத்துவது யாராலும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். அடிப்பது ஆகும். நேராக லோகனைப் போய்ப் பார்த்தார். லோகன் ஆற்றோரம் இறால் குளம் வைத்திருந்தவன். குளத்தில் தண்ணீரை அடித்துக் காற்றுச் சேர்க்கும் சக்கரங்களை மிதக்க விட்டிருப்பான், கின்சிர் என்பார்கள்.

“பக்கிரிண்ணே, எறாலுக்கு வெச்சிருக்கறத அண்ணிக்குக் கேக்குறீங்களே” என்றான் லோகன்.

“உன் எறால் எனக்கு மூணு வேளை சமைச்சுப் போட்டுச்சாடா?”

“அதில்ல லா. டீசல் யார் ஊத்துறது? ஆத்துல வெச்சா கடல் போலீஸ் புடிப்பான்.”

“புடிச்சா எம் பேரச் சொல்லு.”

“உங்க பேரச் சொன்னா இன்னும் ரெண்டு அடி சேத்து விழும்ணே.”

ஆனாலும் பழைய கின்சிர் ஒன்றைக் கொடுத்தான். கேண்டீனில் நல்லம்மாள் கையால் தின்று வளர்ந்தவன் அவன். படிக்குப் பக்கத்தில் சதுப்பு மரத்தில் கயிறு கட்டி அதை மிதக்க விட்டார்கள். சக்கரம் நாள் முழுக்கத் தண்ணீரை வெள்ளையாக அடித்தது. எண் மூன்றானது, பிறகு நாலைத் தொட்டது. இழுப்பு குறைந்தது, மாட்டல் மட்டும் இருந்தது. பக்கிரிசாமி அந்த வாரம் படியிலேயே சாய்ந்து பகலில் தூங்கினார். புகைமூட்ட மாதத்துக்குப் பிறகு அவர் தூங்கிப் பார்த்தது அப்போதுதான்.

செய்தி பரவியது. காற்று இருக்கிறது என்ற செய்தி தண்ணீருக்குள்ளும் பரவியிருக்க வேண்டும். அந்தப் படியில் எத்தனையோ வருடமாகக் கரைத்த எல்லோரும் சக்கரத்துக்கு அருகே வந்து சேர்ந்தார்கள். தாமரையின் பெட்டியில் எண் இப்போது தாறுமாறாக ஆடியது. குடும்பங்கள் வந்து வரிசையில் நின்றன. மேருவுக்கு பஸ் ஓட்டியவரின் பிள்ளைகள் அப்பாவின் காலை இருமலை அடையாளம் கண்டார்கள். நாதஸ்வரக்காரர் ஒருவரின் மூச்சு ஏறியது, இறங்கவே இல்லை, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மூச்சு முட்டியது. பழைய இரும்புக்கடைச் சீனரின் மகன் வந்து, அப்பா கடைசிவரை தொண்டையைச் செருமினாரே தவிரத் துப்பவில்லை, அதே செருமல்தான் என்று சொல்லிச் சக்கரத்துக்கு ஒரு டின் டீசல் கொடுத்துவிட்டுப் போனார். கோயில் நிர்வாகத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி இதற்கு யாகம் வைக்க வேண்டும் என்றது, இன்னொரு கட்சி வைக்கக்கூடாது என்றது, முதல் கட்சி சொன்னதால். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார். படத்தில் அரசியல்வாதியின் பெயர்ப் பலகை நன்றாக விழுந்திருந்தது.

கூட்டம் சேர்ந்ததில் காற்று பங்கு போயிற்று. சக்கரம் ஓடிக்கொண்டேயிருந்தாலும் எண் பழையபடி இரண்டுக்கு வந்தது. நல்லம்மாளின் இழுப்பும் திரும்பியது. பக்கிரிசாமி குடும்பங்களோடு சண்டைக்குப் போனார். உங்க அப்பன அந்தப் பக்கம் தள்ளி நிக்கச் சொல்லு என்று பஸ்காரரின் பிள்ளைகளிடம் கத்தினார். அவர்கள் பதிலுக்குக் கத்தினார்கள். இது காதுக்கு எட்டி விஷ்ணுப்ரியா செந்தூலிலிருந்து வந்தாள். அப்பாவைக் கையோடு கூட்டிப்போக முடிவு செய்து, காடியில் பின் சீட்டைக் காலி பண்ணிக்கொண்டு வந்திருந்தாள்.

“ஊரே சிரிக்குதுப்பா. வாங்க போலாம். லிஃப்டுல நான் கையப் புடிச்சிக்கறேன்.”

“உங்கம்மாவ யாரு பாத்துக்குவா?”

“அது தண்ணிப்பா.”

தாமரை பெட்டியை அவள் பக்கம் திருப்பினாள். எண் படபடவென்று மேலும் கீழும் ஆடியது. “பாரு, உன்னப் பாத்ததும் எப்படி இழுக்குறா. சின்னதுல நீ பஸ்ஸ விட்டுட்டு வந்தா இப்படித்தான் இழுப்பா” என்றார் பக்கிரிசாமி. விஷ்ணுப்ரியா வங்கியில் பெரிய வேலையில் இருப்பவள். பெட்டியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, அம்மாவின் பழைய பம்பை வெளியே எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உள்ளே வைத்தாள். செந்தூல் பேச்சு அதோடு நின்றது.

அதற்கு அடுத்த வாரம், நண்பகல் தாண்டி நீர் வற்றும் நேரத்தில், மேலேயிருந்து ஆறு பால் மாதிரி வெள்ளையாக வந்தது. அழுகிய முட்டை வாடை. எண் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது, பிறகு அரை, பிறகு பூஜ்யம். பூஜ்யம் என்றால் ஆடாத பூஜ்யம். சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மடவை மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு படியில் வந்து முட்டின. குடும்பங்கள் இரண்டாம் முறை அழுதன. சிலர் மறுபடியும் தலை முழுகினார்கள். இரண்டாம் கருமாதிக்கு ஐயர் பாதிக் கட்டணம் கேட்டதாகவும் பேச்சு. பக்கிரிசாமி தலை முழுகவில்லை.

“ஏம்மா, காத்து இல்லன்னா மீனு என்னா பண்ணும்?” என்று தாமரையைக் கேட்டார்.

“முடிஞ்சா காத்து இருக்கற எடத்துக்கு ஓடும், அங்கிள்.”

“இவளும் ஓடியிருப்பா. பம்பத் தேடி மேரு வரைக்கும் நடந்தவ இவ.”

சில நாள் கழித்து லோகனின் படகில் மூன்று பேரும் மேலே போனார்கள். ஒவ்வொரு பாலத்தடியிலும் தாமரை குழலை இறக்கினாள். பூஜ்யம். செம்பனைத் தோட்டத்துக் கால்வாய் சேருமிடத்திலும் பூஜ்யம். கடைசியில் தொழிற்பேட்டையில் கையுறைக் கம்பெனி ஒன்றின் பெரிய குழாய் ஆற்றில் விழுகிற இடத்துக்கு வந்தார்கள். கம்பெனியின் பெயர் வேண்டாம், வக்கீல் வைத்திருக்கிறார்கள். வெள்ளை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அங்கேயும் எண் பூஜ்யம்தான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இரண்டு குட்டை மூச்சு, ஒரு மாட்டல், நீளமாக ஒரு விசில், பெட்டி இல்லாமலேயே காதுக்குக் கேட்டது. லோகன் என்ஜினை அணைத்தான்.

உள்ளே நடந்தது இதுதான். கழிவுத் தண்ணீரை ஆற்றில் விடுமுன் ஒரு குளத்தில் தேக்கி, அடியிலிருந்து காற்றை ஊதி, அழுக்கைத் தின்னும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளை வாழவைக்க வேண்டும் என்பது சட்டம். ஊதுகிற மோட்டருக்கு ப்ளோவர் என்று பெயர். அதற்குக் கரண்ட் நிறையப் போகும். அதனால் சோதனைக்கு ஆள் வருகிற நாளில் மட்டும் போடுவார்கள். வெள்ளைத் தண்ணீர் போன மறுநாள் சோதனை. ப்ளோவர் ஓடியது. ஆற்றில் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் காற்று வாடை பட்டது. குழாய் வழியாக, வருகிற தண்ணீரை எதிர்த்து, அத்தனை பேரும் ஏறிக் குளத்துக்கு வந்துவிட்டார்கள். சோதனைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் ப்ளோவரை அணைத்தார்கள். குளம் இழுக்க ஆரம்பித்தது. பிறகு குளத்தோடு சேர்ந்த குழாய்கள் இழுத்தன. கழிப்பறைக் குழாயைத் திறந்தால் பஸ்காரர் இருமினார். கையுறைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கும் பெண்களுக்கு எண்ணிக்கை தவறியது. வாசலில் காவல் நின்ற நேப்பாளி ஜாகாக்கள் இரண்டு பேர் சம்பளம்கூட வாங்காமல் போய்விட்டார்கள்.

குளத்துக்குப் பொறுப்பு யுகேந்திரன் என்ற இளைஞன். மேலே இருப்பவர்கள் போடு என்றால் போடுவான், அணை என்றால் அணைப்பான். சத்தம் தாங்காமல், யாரையும் கேட்காமல் ப்ளோவரைப் போட்டான். இழுப்பு நின்றது. மேனேஜர் வந்து கரண்ட் பில் யார் கட்டுவது என்று அணைத்தார். அன்று பிற்பகல் அவர் வெளிநாட்டுக்காரர்களோடு கணினியில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தபோது, அறைக் குழாய் தொண்டையைச் செருமியது. செருமிக்கொண்டே இருந்தது, துப்பவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் உங்களுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். கூட்டம் முடிந்ததும் மேனேஜர் யுகேந்திரனைக் கூப்பிட்டு, போட்டு வை என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு, அபராதம் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பக்கிரிசாமி ஜாகா வேலை கேட்டு அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றார். வயது என்ன என்று கேட்டார்கள். இருக்கு என்றார். வேறு ஆள் கிடைக்காததால் எடுத்துக்கொண்டார்கள். கொடுத்த சட்டை இரண்டு அளவு பெரிது. எங்கே நிற்கச் சொன்னாலும் அவர் நிற்கவில்லை, பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளத்தோரம் ப்ளோவர் சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டார்.

“அங்கிள், ஜாகான்னா கேட்டுக்குக் கிட்ட நிக்கணும்” என்றான் யுகேந்திரன்.

“கேட்ட எவன்டா திருடப் போறான்?”

“சுவிட்ச எவன் திருடப் போறான்?”

“உங்க மேனேஜரு.”

யுகேந்திரன் சிரித்தான். பிறகு யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினான். கேட்டை அவனே சில நாள் பார்த்துக்கொண்டான்.

அந்த வருடம் இப்படிப் போனது. குளம் கொதிப்பதுபோல் குமிழ் விட்டது. ஊதுகிற சத்தத்துக்கு அடியில் காது வைத்தால் நல்லம்மாளின் மூச்சு கேட்கும், பக்கிரிசாமிக்கு மட்டும் என்று யுகேந்திரன் சொன்னான், பிறகு தனக்கும் கேட்கிறது என்றான். ப்ளோவர் நிற்காததால் குளத்துப் பூச்சிகள் பிழைத்து அழுக்கைத் தின்றன. குழாயிலிருந்து விழுந்த தண்ணீர் முதலில் சாம்பல் நிறமானது, பிறகு தேத்தண்ணி நிறம், பிறகு நிறமில்லாமல் போனது. கரைக்கும் படியில் தாமரையின் எண் மூன்றரை, நாலு என்று மாதத்துக்கு மாதம் ஏறியது. ஆற்றில் நண்டு பிடிக்க ஆட்கள் வந்தார்கள். குளத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக, நீர் வற்றும் நேரம் பார்த்துக் குழாய் வழியே கீழே இறங்கினார்கள். பஸ்காரர் முதலில் போனார், நேரம் தவறாதவர். நாதஸ்வரக்காரர் போனார். இரும்புக்கடைச் சீனர் போனபோது அவர் மகன் குழாயடியில் பத்தி கொளுத்தி வைத்தார். நல்லம்மாள் மட்டும் போகவில்லை. காரணம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

குளத்துத் தண்ணீரில் காற்று உண்டே தவிர அது ரசாயனத் தண்ணீர். அவளுக்கு மாட்டல் தீரவில்லை. சில நாள் விசிலும் கேட்டது. பக்கிரிசாமி எழுந்து குளத்தைச் சுற்றி வருவார், உட்காருவார், மறுபடி எழுவார். அடைமழை விட்ட ஒரு காலையில் குளத்தங்கரையில் நின்று பேசினார். யுகேந்திரன் பக்கத்தில்தான் இருந்தான்.

“இங்க உனக்கு என்னாடி வேலை? இது கம்பெனிக் காத்து. இவனுங்கள நம்பி எத்தனை நாளைக்கு இழுத்துக்கிட்டுக் கெடப்ப? கீழ நல்ல தண்ணி இருக்காம், அந்தப் பொண்ணு சொல்லுது. போ. நான் வரல. நான் எழுந்து வந்தா மறுநாளே சுவிட்ச அணைச்சிருவானுங்க, அப்புறம் நீ எங்க போவ? போடின்னா.”

குமிழ்கள் ஒரு நிமிடம் நின்றன. ப்ளோவர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு குளத்தின் ஒரு மூலையிலிருந்து குழாய் வாய்வரை தண்ணீரில் ஒரு கோடு போனது. பக்கிரிசாமி அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையில் இருந்த ரொட்டியை எடுத்துத் தின்றார்.

அதற்குப் பிறகு அவர் லீவு எடுக்கவில்லை. தீபாவளிக்குக்கூட எடுக்கவில்லை, அன்றைக்குத்தான் ஆள் இல்லாத நேரம் பார்த்து அணைப்பான் என்றார். விஷ்ணுப்ரியா பலகாரத்தைக் கம்பெனிக்கே கொண்டுவந்தாள். இப்படியாகக் கரைக்கும் படிக்கு அவர் போகவே முடியாமல் போயிற்று. அவள் கீழே, இவர் மேலே, நடுவில் ஆறு. காப்பாரில் தண்ணீர் எப்படி என்று யாராவது கேட்டால், நல்லம்மாள் நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு மீன் கடைக்குப் போவார்கள். கேட்டவரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

எண் ஐந்தைத் தாண்டிய காலையில் தாமரை படியிலிருந்து பக்கிரிசாமிக்குப் போன் போட்டாள். பெட்டியில் வருவதை வரவர வாசிக்கிறேன், கேளுங்கள் என்றாள். அவர் நாற்காலியை ப்ளோவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“அஞ்சு புள்ளி ரெண்டு... அஞ்சு புள்ளி நாலு... அஞ்சு புள்ளி ஆறு... அஞ்சு புள்ளி நாலு... அஞ்சு புள்ளி ரெண்டு...”

“யாரு இது?” என்றார் பக்கிரிசாமி.

“ஆன்டிதான் அங்கிள்.”

“இல்ல. அவ இப்படி விடமாட்டா. நடுவுல மாட்டும்.”

“மாட்டல அங்கிள். தண்ணி நல்லா இருக்கு.”

கல்யாணத்து அன்றே அந்த மாட்டல் இருந்தது, தாலி கட்டக் குனிந்தபோது காதோரம் கேட்டது. மாட்டாத மூச்சை அவளிடம் அவர் கேட்டதே இல்லை. கேட்டிராததை எப்படி அடையாளம் சொல்வது? வேறு எவளோ ஒருத்தியின் மூச்சாக இருக்கலாம். நல்ல பெண்கள் நல்ல மனதோடு பொய் சொல்வார்கள், தாமரை நல்ல பெண். படிக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று எழுந்தார். மோட்டர் சாவி கையில் இருந்தது. சுவிட்ச் பெட்டியைப் பார்த்தார். மேனேஜரின் ஜன்னலைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

“இன்னொரு வாட்டி வாசி.”

அவள் வாசித்தாள். அவர் தப்பு எங்கே வரும் என்று காத்துக்கொண்டு கேட்டார். வரவில்லை. ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. போனில் அவள் குரலுக்குப் பின்னால் அலை படியைத் தொடும் சத்தமும் கேட்டது.

“என்னைக் கட்டிக்கறதுக்கு முந்தி, இழுப்பு வர்றதுக்கு முந்தி, சின்னப் புள்ளையில இப்படித்தான் விட்டிருப்பா போல” என்றார் பக்கிரிசாமி.

“இருக்கும் அங்கிள். நான் வெச்சிரட்டுமா? இன்னும் நாலு எடம் அளக்கணும்.”

“வெக்காத. இன்னும் கொஞ்ச நேரம் வாசி.”

தாமரை படியில் உட்கார்ந்துகொண்டு வாசித்தாள். மற்ற நாலு இடங்களையும் அன்று அளக்கவில்லை.